“எத்தனையாம் ஆண்டிலிருந்து எண்ணுறீங்க?” இலங்கையின் பழைய காயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்க்காரர்கள் ஒன்றாக உட்காரும் கூட்டங்களில் பல வருடங்களாக மொழிபெயர்த்து வருகிறேன். கூட்டத்தில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். மனதில் கிடக்கும் கேள்வி தேநீர் நேரத்தில்தான் வெளியே வரும், அதுவும் பெரும்பாலும் என்னிடம். நான் ஆய்வாளர் இல்லை. ஆனாலும் ஒரே கேள்வியை இரண்டு மொழியிலும் கேட்டுக் கேட்டு, பதில் சொல்லிச் சொல்லி, கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே முடிந்தவரை விட்டிருக்கிறேன். சிங்களத்தில் கேட்டவை மட்டும் என் தமிழில்.

கூட்டு நினைவு, கூட்டு நினைவு என்கிறீங்களே, நினைவு ஆளுக்கு ஆள்தானே இருக்கும்?

ஆமாம், தலை ஆளுக்கு ஒன்றுதான். ஆனால் எதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதையெல்லாம் வீட்டிலும் ஊரிலும்தான் பழகுகிறோம். மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1925லேயே இதை எழுதிவிட்டார்.

யாழ்ப்பாண நூலகம் 1981 மே கடைசி இரவில் எரிக்கப்பட்டது. அதற்கு இருபது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை “97,000 புத்தகம்” என்று எண்ணிக்கையோடு சொல்கிறது. புகையை அது பார்த்ததில்லை, அந்தப் புத்தகங்களில் ஒன்றையும் தொட்டதில்லை. ஆனாலும் “எங்கட நூலகத்தை எரிச்சாங்கள்” என்கிறது. அந்த “எங்கட” இருக்கிறதே, அதைத்தான் கூட்டு நினைவு என்கிறார்கள்.

நடந்ததெல்லாம் உண்மை. பிறகு ஏன் அதைத் ‘தேர்ந்தெடுத்த காயம்’ என்கிறாங்க? கேட்கவே கோபம் வருது.

அந்தச் சொல் வாமிக் வோல்கன் என்ற மனநல மருத்துவருடையது. அவரே சைப்பிரசில் பிறந்தவர், பிளவுபட்ட தீவு என்றால் என்னவென்று தெரிந்தவர். அடிபடுவதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். பட்ட நூறு அடிகளில் எதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறோம் என்பதில்தான் தேர்வு இருக்கிறது என்கிறார். அவர் காட்டும் உதாரணம் சேர்பியர்கள். 1389இல் கொசோவோ களத்தில் துருக்கிய ஒட்டோமான் படையோடு மோதி, தங்கள் இளவரசர் லாசரை இழந்தார்கள். சரியாக 600 வருடம் கழித்து, 1989 ஜூன் 28 அன்று, சேர்பியத் தலைவர் மிலோசெவிச் அதே களத்தில் பெருங்கூட்டத்தின் முன் பேசினார். சில வருடங்களில் பக்கத்து வீட்டு பொஸ்னிய முஸ்லிம் “துருக்கியன்” ஆகிவிட்டார். 1995இல் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகருக்குள் நுழைந்த சேர்பியத் தளபதி மிலாடிச், துருக்கியரைப் பழிவாங்கும் நேரம் வந்துவிட்டது என்று கமராவைப் பார்த்தே சொன்னார்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமானால் சுனாமியைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் இலங்கையில் மட்டும் 35,000க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இங்கே கடற்கரையில் அழாத வீடு இல்லை. இருந்தும் அந்த நினைவு யாரையும் யார் மேலும் ஏவிவிடவில்லை. கடலைக் குற்றவாளி ஆக்க முடியாது. “அவர்கள் செய்தார்கள்” என்று சொல்ல ஒரு கூட்டம் இருந்தால்தான் துக்கம் சண்டைக்கு உதவும். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தைப் பங்கிடுவதில் சண்டை வந்தது உண்மைதான், ஆனால் அந்தச் சண்டையும் பழைய கோடுகளில்தான் பிரிந்தது.

எல்லாளன், துட்டகைமுனு சண்டை நடந்து 2,000 வருஷம் தாண்டியாச்சு. அதுக்கும் இப்ப நடக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

போரைவிட, போரைச் சொன்ன விதத்துக்குத்தான் சம்பந்தம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனைத் தோற்கடித்ததை, பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் பல நூற்றாண்டுகள் கழித்துப் பாளி மொழியில் எழுதுகிறது. அதில் வரும் எல்லாளன் 44 வருடம் அனுராதபுரத்தை நீதியாக ஆண்டவன். கன்றுக்குட்டி தேர்ச்சில்லில் சிக்கிச் சாக, தாய்ப்பசு மணியை அடிக்க, தன் மகனையே தண்டித்த கதை தெரியுமில்லையா, திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை? அதே கதையை மகாவம்சம் எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. அவனைக் கொன்ற துட்டகைமுனு, விழுந்த இடத்தில் நினைவிடம் எழுப்பி, அந்த வழியே போகிறவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளை இட்டதாகவும் சொல்கிறது. பிரிட்டிஷாருக்கு எதிரான 1818 கிளர்ச்சியில் தோற்றுத் தப்பி ஓடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, அந்த இடம் வந்ததும் பல்லக்கை விட்டு இறங்கி நடந்தார் என்று ஒரு கதை உண்டு.

அதே நூலில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிறுவன் கைமுனு கட்டிலில் சுருண்டு படுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழர், இந்தப் பக்கம் கடல், காலை நீட்டி எப்படிப் படுப்பேன் என்கிறான். போருக்குப் பிறகு இத்தனை பேரைக் கொன்றுவிட்டேனே என்று அவன் வருந்த, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மற்றவர்கள் மனிதக் கணக்கில் வரமாட்டார்கள் என்று துறவிகள் தேற்றுகிறார்கள். பாடசாலையில் பிள்ளைகள் மனதில் தங்குவது எது என்று பாருங்கள்: கால் நீட்ட முடியாத சிறுவன்தான். மேளம் நிறுத்தச் சொன்ன அரசன் பலருக்கு வளர்ந்த பிறகும் தெரியாது.

இன்றைய கதைக்கு வருவோம். இராணுவத்தின் ஒரு படையணிக்கு கெமுனு பெயர். 2007 ஒக்டோபரில் புலிகள் அனுராதபுரம் விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது வைத்த பெயர் எல்லாளன் நடவடிக்கை. இரண்டு தரப்பும் ஒரே நூலிலிருந்து பெயர் எடுத்திருக்கிறது. எல்லாளனைத் தமிழ்த் தேசிய வீரனாக்குவதும் பிற்காலத்து வேலைதான். மகாவம்சத்தின்படியே துட்டகைமுனு முதலில் மோதவேண்டி வந்தது சொந்தத் தம்பியோடு.

சிங்கள ஆக்கள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர். ஆமி அவங்கட, அரசாங்கம் அவங்கட. அவங்களுக்கு என்ன பயம்?

இந்தத் தீவுக்குள் எண்ணினால் அவர்கள் பெரும்பான்மை. பாக்குநீரிணையைத் தாண்டி எண்ணினால் சிறுபான்மை. சிங்களம் பேச உலகத்தில் வேறு நாடு இல்லை, தமிழ்நாட்டில் ஏழு கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லாத சிங்கள நண்பர் குறைவு. 993இல் வந்த சோழர் படை, 1215இல் பொலனறுவையை அழித்த கலிங்க மாகன், பிறகு பிரிட்டிஷார் என்று அந்த வரிசை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அது ஆறுதல். தெற்கில் அதையே “பருப்பு போட்டார்கள்” என்று இன்றைக்கும் அவமானமாகச் சொல்கிறார்கள்: சோழன் மறுபடி வந்துவிட்டான். பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று சொன்னால், அந்தப் பயத்தில் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. பயம் உண்மையானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன். அதை ஒப்புக்கொள்ளாமல் பேச உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே கூட்டம் முடிந்துவிடும்.

கடைசியில் யார்தான் முதலில் தொடங்கினது?

மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பதிலுக்கு நான் திருப்பிக் கேட்பது: எத்தனையாம் ஆண்டிலிருந்து எண்ணுறீங்க?

1985 மே மாதத்தை எடுங்கள். வல்வெட்டித்துறையில் இராணுவம் ஊர்மக்களைக் கொன்றது. 14ஆம் திகதி புலிகள் அனுராதபுரம் நகருக்குள் பேருந்தில் வந்து, பேருந்து நிலையத்திலும் ஸ்ரீமகாபோதி வளாகத்திலும் 146 பேரைச் சுட்டார்கள், வல்வெட்டித்துறைக்குப் பதில் என்றார்கள். அடுத்த நாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகைக் கடற்படையினர் கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கு மேற்பட்ட தமிழர்களை வெட்டிக் கொன்றார்கள், அனுராதபுரத்துக்குப் பதிலாக. எல்லாம் சில நாட்களுக்குள். சிங்களவர் எண்ணுவது 14இல் தொடங்குகிறது. தமிழர் எண்ணுவதில் வல்வெட்டித்துறையும் குமுதினியும் இருக்கும், நடுவில் ஒரு நாள் காணாமல் போயிருக்கும்.

1983 ஜூலையில் தமிழர் மேல் நடந்த தாக்குதல்களுக்கும் இதேதான். தெற்கில் கதை ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் கண்ணிவெடியில் செத்த 13 சிப்பாய்களோடு ஆரம்பிக்கும். தமிழருக்கு அது 24 இரவு பொரளை கனத்தை மயானத்தில் கூட்டம் கொதித்ததில் ஆரம்பிக்கும். கொஞ்சம் வயதானவர் 1977 என்பார், இன்னும் வயதானவர் 1958 என்பார், அரசியல் பேசுகிறவர் 1956 தனிச்சிங்களச் சட்டம் என்பார். யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் நான் மொழிபெயர்த்த எந்தக் கூட்டத்திலும், தன் ஆட்கள் அடித்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கிய ஒருவரைப் பார்த்ததில்லை. அடிபட்ட நாள்தான் எல்லோருக்கும் முதல் நாள்.

83ஐ சிலர் கலவரம் என்கிறாங்க, சிலர் இனப்படுகொலை என்கிறாங்க. சொல்லில் என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது போல ஆகிவிடும். 83இல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் இரண்டு தடவையாகக் கொல்லப்பட்டார்கள். இதைக் கலவரம் என்பது சொல்லாலேயே பாதியை மறைப்பது. எங்கள் அம்மா தலைமுறை மட்டும் “83 கலவரம்” என்றே சொல்லிப் பழகிவிட்டது. அவர்களைத் திருத்தப் போகாதீர்கள்.

சொல்லை நம் பக்கம் மட்டும் கூர்மையாக்குகிற பழக்கமும் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் அனுப்பப்பட்டதைத் தமிழர் “வெளியேற்றம்” என்கிறோம், இன்னும் மெல்லச் சொல்கிறவர் “இடப்பெயர்வு” என்கிறார். அவர்களோ “விரட்டினாங்க” என்கிறார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

முஸ்லிம் ஆக்களும் தமிழ்தானே பேசுறாங்க. ஏன் அவங்க நம்மட பக்கம் நிற்கல?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்பவர் 1990ஐ மறந்திருக்க வேண்டும், அல்லது பாதியை மட்டும் வைத்திருக்க வேண்டும். அந்த வருடம் கிழக்கில் 90 நாட்களுக்குள் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூன் 11: புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார், சிங்களவரும் முஸ்லிம்களும், கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3: காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். ஓகஸ்ட் 11 இரவு முதல்: ஏறாவூரில் மறுபடி நூற்றுக்கு மேல். அதே ஓகஸ்ட் 12: வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள், முஸ்லிம் ஊர்காவல் படையினரும் சேர்ந்து வந்த கும்பலால் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5: கிழக்குப் பல்கலைக்கழகத்து அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 தமிழர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9: சத்துருக்கொண்டானில் குழந்தைகளோடு 180க்கு மேற்பட்ட தமிழர்கள். அடுத்த மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம். வடக்கு முழுவதிலும் 70,000க்கு மேற்பட்டவர்கள் சொந்த ஊரை விட்டுப் போனார்கள், பெரும்பாலானோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் குண்டுத் துளைகளைப் பூசி மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஓகஸ்ட் 3இலும் சுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினம் நடக்கும். சத்துருக்கொண்டானில் ஒரு தூபி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் முச்சக்கர வண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே போனவர் இங்கே வந்ததில்லை, இங்கே வருபவர் அங்கே போனதில்லை. முஸ்லிம் நண்பர்கள் வீரமுனையைச் சொல்லும்போது “யாரோ சில பேர்” என்பார்கள். தமிழர் காத்தான்குடியைச் சொல்லும்போது “இயக்கத்தில யாரோ கட்டளை இட்டது” என்பார்கள். மொழிபெயர்க்கிற எனக்கு அந்த இரண்டு “யாரோ”வும் ஒரே சொல்லாகக் கேட்கும்.

அப்படியென்றால் எல்லாரும் சமம், எல்லாரும் குற்றவாளி என்கிறீங்களா?

இல்லை. இதை அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் இப்படித்தான் முடிவுகட்டுகிறார்கள். பிள்ளையை இழந்த அம்மாவின் வலியை மற்ற அம்மாவின் வலியோடு தராசில் வைக்க மாட்டேன். பொறுப்பைத் தராசில் வைக்கத்தான் வேண்டும். சட்டம், நீதிமன்றம், சிறை, விமானப்படை எல்லாம் கையில் இருக்கும் அரசு தன் சொந்தக் குடிமக்கள் மேல் செய்ததற்கு வேறு எடை. 2009இல், போரின் கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களில் ஷெல் விழுந்தது. தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதையும் பிள்ளைகளைப் பிடித்துப் போனதையும் அதே அறிக்கை சொன்னது. இரண்டையும் சொல்வதால் இரண்டும் சம எடை ஆகிவிடாது. ஒன்றைச் சொல்ல மற்றதை விழுங்கவும் வேண்டியதில்லை.

எங்கட மகள் 2010இல பிறந்தவள். ஒரு சத்தமும் கேட்டதில்ல. அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேட்டவர் வன்னியிலிருந்து வந்து குடியேறிய ஒரு அப்பா. “வீட்டில நாங்க ஒன்றுமே கதைக்கிறேல்ல” என்றார். அதுதான் காரணமாக இருக்கலாம். கதைக்காத வீட்டில் பிள்ளை வேறு வழியில் படிக்கிறது. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பக்கத்தில் ஏன் தொங்குகிறது? தைப்பொங்கல் வெடிக்கு அம்மா ஏன் உள்ளே போகிறாள்? மே மாதம் வந்தால் அப்பா ஏன் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறார்? பதில் வராத கேள்விகளை அவள் கைபேசியில் தேடிக்கொள்கிறாள். அங்கே கிடைப்பது அப்பாவின் கதை இல்லை, சுத்தமாக வெட்டி ஒட்டப்பட்ட, இசை போட்ட கதை.

முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பாருங்கள். அரிசியும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். 2009இல் போரின் கடைசி வாரங்களில் அங்கே அதுதான் கிடைத்தது, அதற்கான வரிசையிலும் ஷெல் விழுந்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் 12 முதல் 18 வரை தெருவோரத்தில் காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்குக் கொடுக்கிறார்கள். பேச்சு வேண்டாம், விளக்கம் வேண்டாம், ஒரு சிரட்டைக் கஞ்சி போதும். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான நினைவுச் சடங்கை நான் பார்த்ததில்லை. சிங்களப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று உண்டு. 1987 ஜூன் 2 அன்று அரந்தலாவையில் புலிகள் ஒரு பேருந்தை மறித்து முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், பெரும்பாலானோர் சிறுவயது பிக்குகள். அந்த இடத்தில் பேருந்தை வைத்து, உள்ளே சிலைகளோடு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். பாடசாலைச் சுற்றுலா அங்கே நிற்கும். என்னோடு வேலை செய்த ஒரு சிங்களப் பெண், பத்து வயதில் அந்தப் பேருந்துக்குள் எட்டிப் பார்த்த பிறகு நெடுநாள் தமிழ்ச் சத்தம் கேட்டாலே பயந்ததாகச் சொன்னாள். தமிழிலேயே சொன்னாள்.

நினைவுநாள் எல்லாத்தையும் தடை செய்தால் இந்தத் தலைமுறையோடு முடிஞ்சிடும்தானே?

சிங்களத்தில் கேட்கப்பட்டது, கெட்ட எண்ணத்தில் இல்லை. செய்து பார்த்தார்கள். போருக்குப் பிறகு, செத்த புலிப் போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன, கோப்பாயில் இருந்த இடத்தில் இராணுவ முகாம் எழும்பியது. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது. அது இருந்தது அதுவரை பலருக்குத் தெரியாது, இடித்ததால் உலகத்துக்கே தெரிந்தது. வடக்கு, கிழக்கில் கடையடைப்பு, மாணவர் உண்ணாவிரதம், சில மாதத்தில் அதே இடத்தில் புதுத் தூபி.

கேட்டவரிடம் ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினேன். தெற்கின் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யும் அரசோடு ஆயுதம் ஏந்திப் போரிட்ட இயக்கம்தான். 1987 முதல் 89 வரை தெற்கில் பல பத்தாயிரம் சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், ஆறுகளில் உடல்கள் மிதந்தன, தெருவோரத்தில் டயரோடு எரிந்தார்கள். ஜே.வி.பி. தன் மாவீரர்களை ஒவ்வொரு நவம்பர் 13இலும் கொழும்பில் பகிரங்கமாக நினைவுகூர்கிறது. இரண்டு வாரம் கழித்து, புலிகளின் மாவீரர் நாளான நவம்பர் 27இல், வடக்கில் விளக்கேற்றியவர் மேல் வழக்குப் போட்ட வருடங்கள் இருக்கின்றன. அந்த ஜே.வி.பி.யின் தலைவர் 2024இல் ஜனாதிபதியானார். கேள்வி கேட்டவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, தன் சித்தப்பாவும் 89இல் காணாமல் போனவர்தான் என்றார். அதற்கு முன் பல கூட்டங்களில் சந்தித்திருக்கிறோம், ஒரு தடவையும் சொன்னதில்லை.

கனடா, லண்டன் ஆக்கள் ஏன் எங்களைவிடச் சூடாக இருக்கிறாங்க?

போன நாளிலேயே அவர்களின் கடிகாரம் நின்றுவிட்டது. இங்கே இருப்பவர் அதே ஆமிக்காரரிடம் மரக்கறி வாங்கி, அதே பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, வாழ்ந்தாக வேண்டும். அங்கே அது தேவையில்லை, பேசினால் பிடிபடும் பயமும் இல்லை. இங்கே தூபி இடிபட்டால் அங்கே எழும்பும்: 2025 மே மாதம் கனடாவின் பிராம்ப்டன் நகரில் தமிழ் இனப்படுகொலை நினைவுத்தூபி திறக்கப்பட்டது, கொழும்பு கண்டித்தது. ஊரில் பேச முடியாததை வெளியூர் பேசுகிறது என்பதற்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் அந்தப் பேச்சின் விலையை ஊரில் இருப்பவர் கொடுக்க நேர்வதும் உண்டு.

இதெல்லாம் அரசியல்வாதிகள் கிளப்பிவிடுறதுதானே? சனம் பாவம், ஒற்றுமையாத்தான் இருக்கு.

பாதி சரி. ஆனால் ஈர விறகில் யார் ஊதினாலும் பற்றாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையில், கறிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று வதந்தி. மாத்திரை அப்படி வேலை செய்யாது, கறிக்குள் இருந்தது மாவுக் கட்டிதான் என்று பரிசோதனையில் தெரிந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன, அடுத்த வாரம் கண்டிக்குப் பக்கத்துத் திகணையில் முஸ்லிம்களின் வீடுகள் எரிந்தன. அந்தப் பொய் ஏன் நம்பப்பட்டது? “நம் இனம் அழியப்போகிறது” என்ற பயம், மேலே பெரும்பான்மையின் பயம் பற்றிச் சொன்னேனே, அது ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு அடுப்பை யாரும் அணைக்கவும் முயலவில்லை.

சண்டையின் உள்ளே பெரும்பாலும் காணி இருக்கும், கடை இருக்கும், வேலை இருக்கும். நினைவு அதற்கு உடுப்பு மாட்டிவிடும். முல்லைத்தீவு குருந்தூர்மலையில் இருப்பது பழைய பௌத்த இடிபாடா, ஐயனார் கோயிலா என்று நீதிமன்றம் வரை சண்டை. தமிழரிலும் பௌத்தர் இருந்த காலம் ஒன்று உண்டு என்று சொன்னால் இரண்டு பக்கமும் முறைக்கிறது. சுற்றியுள்ள வயல் யாருக்கு என்பதுதான் ஊர்க்காரரின் கவலை.

பேசாமல் மறந்தால் என்ன? ஸ்பெயின் அப்படித்தானே செய்தது?

ஸ்பெயின் 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து பேரப்பிள்ளைகள் தாத்தாவின் எலும்பைத் தேடிக் குழிகளைத் தோண்டத் தொடங்கினார்கள். 2007இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அறுபது எழுபது வருடம் தள்ளிப்போட்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நம் ஊரில் மண்ணே மறக்க விடவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துச் செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டதாக ஒரு சிப்பாய் 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த வருடம் 15 உடல்கள் எடுக்கப்பட்டு விஷயம் நின்றது. 2025இல் அதே செம்மணிப் பகுதி மயானத்தில் தோண்டியபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, ஒரு சிறுபிள்ளையின் எலும்போடு பாடசாலைப் பையும்.

சரி, ஆணைக்குழு ஒன்று வைத்தால் தீராதா?

இலங்கையில் ஆணைக்குழுவுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஒரே அம்மா நான்கு ஆணைக்குழுவில் ஒரே கதையைச் சொன்னதை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். நான்காவது தடவை திகதியைக்கூட அவர் சொல்லவில்லை, “உங்களுக்குத் தெரியும்தானே மகள், நீங்களே சொல்லுங்க” என்றார். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் தெருவில் உட்கார்ந்தார்கள். பதில் வருமுன் இறந்துபோன பெற்றோர் நிறைய. பெயர், இடம், கட்டளை கொடுத்தவர் என்று வெளியே வராத வரை ஆணைக்குழு என்பது அந்த அம்மாவுக்கு இன்னொரு பேருந்துச் செலவு.

எங்கட வாப்பாவைக் கொன்றவங்களுக்கு நடத்துற நினைவுநாளுக்கு நான் போகணுமா?

காத்தான்குடியில் தகப்பனை இழந்த ஒருவர் கேட்டார். போக வேண்டியதில்லை. அப்படி யாரும் அவரைக் கேட்கவும் கூடாது. மாவீரர் நாளில் விளக்கேற்றும் தாய்க்கு அது மகன், அவருக்கு அது துப்பாக்கி. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். அதை மொழிபெயர்க்க எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தாய் காத்தான்குடிச் சுவரை ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், ஆம் என்பேன். அவரே விரும்பிக் கேட்க வேண்டும், பத்திரிகைக்காரர் இல்லாமல் போக வேண்டும்.

ஒரே ஒரு தடவை, காணாமல் போன தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மாரையும், போர்க்களத்தில் காணாமல் போன சிப்பாய்களின் தாய்மாரையும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்த கூட்டத்துக்கு மொழிபெயர்த்தேன். காலை முழுவதும் உரைகள், இரண்டு பக்கமும் உம்மென்று இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் குருநாகலிலிருந்து வந்த ஒரு அம்மா, எதிரே இருந்தவர் மடியில் இருந்த மகன் படத்தைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்கச் சொன்னார். பயந்துபோய்க் குனிந்தேன். படத்துக்கு லெமினேட் எங்கே போட்டது என்று கேட்டார், தன்னுடையதில் ஓரமாக ஈரம் இறங்கி முகம் மஞ்சளாகிறதாம். வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை, ஐம்பது ரூபாய்தான் எடுத்தான் என்று மற்றவர் சொன்னார். சொல்லிக்கொண்டே குருநாகல் அம்மாவின் படத்தை வாங்கி, ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.